கணவாய்களின் குதிரை

லடாக்கின் ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கு வளர்த்தெடுத்த அரிய மலைக்குதிரை இனமும் அதன் எதிர்காலமும்

ஜான்ஸ்கரி, லடாக்கின் ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கைத் தாயகமாகக் கொண்ட மலைக்குதிரை இனம். பெரும்பாலும் சாம்பல் நிறம், குட்டையான உறுதியான கால்கள், அகன்ற மார்பு, தரையைத் தொடும் அளவுக்கு நீண்டு கனத்த வால், பாறைச் சரிவிலும் பிசகாத சீரான நடை ஆகியவை இதன் அடையாளங்கள். கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கு மேல் பிறந்து வளரும் இந்தக் குதிரை, 5,000 மீட்டர் உயரக் கணவாய்களைச் சுமையோடு கடக்கும். கலப்பில்லாத ஜான்ஸ்கரி குதிரைகள் இன்று சில நூறு மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

இந்தியாவில் முறைப்படி பதிவு பெற்ற குதிரை இனங்கள் மிகக் குறைவு. ராஜஸ்தானின் மார்வாரியும் குஜராத்தின் கத்தியவாரியும் உள்நோக்கி வளைந்த காதுகளால் உலகெங்கும் அறியப்பட்டவை. மணிப்பூரி குதிரைக்குப் போலோ விளையாட்டின் பெருமை உண்டு. கிழக்கு இமயத்தின் பூட்டியா, ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி, மேற்குப் பாலைநிலத்தின் கச்சி-சிந்தி, தக்காணத்தின் பீம்தடி ஆகியவற்றோடு ஜான்ஸ்கரியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2009இல் இந்திய அஞ்சல் துறை உள்நாட்டுக் குதிரைகளுக்காக நான்கு அஞ்சல்தலைகளை வெளியிட்டபோது, மார்வாரி, கத்தியவாரி, மணிப்பூரி ஆகியவற்றுடன் ஜான்ஸ்கரிக்கும் ஓர் அஞ்சல்தலை கிடைத்தது.

அரண்மனை லாயங்களிலோ படைப் பண்ணைகளிலோ உருவான இனம் அன்று இது. கிராமத்து வீடுகளின் கீழ்த்தளத் தொழுவங்களில், உப்பும் தானியமும் வெண்ணெயும் சுமக்கும் வேலைக்காக, பல தலைமுறை விவசாயிகள் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். அந்த வேலை இருந்தவரை குதிரையும் பெருகியது. வேலை போகப் போகக் குதிரையும் குறைந்தது. இந்த இனத்தின் வரலாறும் நெருக்கடியும், அதைக் காப்பதற்கான வழியும் இந்த ஓர் உறவில்தான் அடங்கியிருக்கின்றன.

பனி அடைக்கும் பள்ளத்தாக்கு

இமயத்தின் முதன்மைத் தொடருக்கும் ஜான்ஸ்கர் மலைத்தொடருக்கும் இடையில் கிடக்கிறது ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கு. பென்சி லா கணவாய்ப் பக்கமிருந்து வரும் ஸ்தோத் ஆறும், தெற்கிலிருந்து வரும் சாரப் ஆறும் பதும் அருகே கூடி ஜான்ஸ்கர் ஆறாகின்றன. ஆழமான மலையிடுக்குகளின் வழியே ஓடும் அந்த ஆறு, நிம்மு என்ற இடத்தில் சிந்துவில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் முதன்மை ஊரான பதும் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஜான்ஸ்கர் முழுவதிலும் சுமார் 14,000 பேரே வாழ்ந்தனர். நீண்ட காலம் கார்கில் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இதைத் தனி மாவட்டமாக்கும் முடிவை 2024 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது.

தென்மேற்குப் பருவமழையை இமயம் தடுத்துவிடுவதால் இங்கு மழை மிகக் குறைவு. ஈரம் பெரும்பாலும் குளிர்காலப் பனியாகவே வந்து சேர்கிறது. பனிப்பாறைகளும் பனிப்படலங்களும் உருகித் தரும் ஓடை நீரை வாய்க்கால்களில் திருப்பி வாற்கோதுமை, பட்டாணி, குதிரைமசால் ஆகியவற்றைப் பயிரிடுகிறார்கள். பயிர்க்காலம் சில மாதங்கள் மட்டுமே. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருபது, முப்பது டிகிரி வரை இறங்கும். 4,400 மீட்டர் உயரத்திலுள்ள பென்சி லா பனியால் மூடிக்கொண்டால் கார்கில் பாதை பல மாதங்களுக்கு அடைபட்டுவிடும். ஜனவரி, பிப்ரவரியில் ஜான்ஸ்கர் ஆறு உறைந்து ‘சாதர்’ எனப்படும் பனிப்பாதையாக மாறும்போது மனிதர்கள் அதன்மேல் நடந்து லேவுக்குப் போய்வந்தார்கள். மற்ற மாதங்களில் வெளியுலகைத் தொட மலையேறித்தான் ஆக வேண்டியிருந்தது.

தெற்கே லாகுல் பக்கம் ஷிங்கோ லா, தென்மேற்கே கிஷ்த்வார் பக்கம் உமாசி லா என, பள்ளத்தாக்கின் பழைய வாசல்கள் உயரமான கணவாய்கள்தாம். ஷிங்கோ லாவும் உமாசி லாவும் 5,000 மீட்டரைத் தாண்டியவை. சக்கர வண்டிக்கு இடமில்லாதிருந்த இந்த நிலத்தில், ஆளையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு விரைவாகப் போய்வரக்கூடிய விலங்கு குதிரை ஒன்றே. யாக் வலிமையானது, ஆனால் மெதுவாக நகரும். கழுதை சிறு சுமைக்கும் குறுந்தொலைவுக்கும் ஏற்றது. பல நாள் பயணத்துக்கும் சவாரிக்கும் அவசரத்துக்கும் குதிரையே வேண்டியிருந்தது.

உயரத்துக்கென அமைந்த உடல்

ஜான்ஸ்கரியின் தோளுயரம் 120 முதல் 140 செ.மீ. பந்தயக் குதிரையான தரோபிரெட் சாதாரணமாக 160 செ.மீ.யை ஒட்டி இருக்கும். அந்த அளவுகோலில் ஜான்ஸ்கரி மட்டக்குதிரைதான். ஆனால் மலையில் குட்டையாக இருப்பது பலம். உடல் தரைக்கு அருகில் இருப்பதால் சரிவில் நிலை தடுமாறும் ஆபத்து குறைகிறது. குறுகலான பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்ற நிலையில், சுமையோடு திரும்பி நிற்பதும் எளிதாகிறது. கெட்டியான குளம்புகள் கூழாங்கல் நிறைந்த ஆற்றுப்படுகையையும் கூர்மையான சரளையையும் தாங்குகின்றன.

சாம்பல் நிறமே மிகுதி என்றாலும் செம்பழுப்பு, பழுப்பு, கருப்பு, செம்பு நிறங்களும் உண்டு. கண்கள் பெரியவை, துருத்தித் தெரிபவை. உடல்மயிர் நீண்டு, மென்மையாக, பளபளப்பாக இருக்கும். குளிர்காலம் நெருங்கும்போது அது அடர்ந்து கம்பளிப் போர்வையாகிறது. பிடரிமயிரும் வாலும் பனிக்காற்றிலிருந்து கழுத்தையும் பின்புறத்தையும் காக்கின்றன. அண்டைப் பகுதியின் ஸ்பிட்டி குதிரை இதன் நெருங்கிய உறவு. ஸ்பிட்டியைவிட ஜான்ஸ்கரி சற்று உயரமானது, ஓட்டத்திலும் முந்துவது. இந்த வேகம்தான் பிற்காலத்தில் அதைப் போலோ மைதானத்துக்குக் கொண்டுவந்தது.

இதன் தனிச்சிறப்பு மெல்லிய காற்றில் உழைக்கும் திறன். 3,600 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியே இருக்கும். 5,000 மீட்டரில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. சமவெளியில் பிறந்த குதிரையை இங்கே கொண்டுவந்தால் பழகுவதற்கே பல வாரங்கள் ஆகும். பழகிய பின்னும் ஏற்றத்தில் அதற்கு விரைவில் மூச்சு வாங்கும். ஆக்சிஜன் குறைவால் நுரையீரல் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயத்தின் வலப்பக்கம் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராக உழைக்க வேண்டியிருக்கும். உயரத்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் குதிரைகளில், இந்தச் சோதனையைத் தாங்க முடியாதவை இனப்பெருக்கத்துக்கு முன்பே விழுந்துவிடுகின்றன. தாங்கியவை தங்கள் இயல்பைக் குட்டிகளுக்குக் கொடுக்கின்றன.

இந்தத் தேர்வு மரபணுவில் விட்டுச்செல்லும் தடத்தை அறிவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். குருதியின் ஆக்சிஜன் குறைவை உடல் உணர்ந்து எதிர்வினை ஆற்றுவதில் இபிஏஎஸ்1 என்ற மரபணுவுக்குப் பங்குண்டு. திபெத்திய மனிதர்களிடம் இதன் தனி வடிவம் இருப்பது 2010இல் வெளியானது. ஆண்டிஸ் மலைக் குதிரைகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வும் இதே மரபணுவைச் சுட்டியது. 2019இல் திபெத்தியக் குதிரைகளில் இதே மரபணுவில் உயரத்துக்கு உதவும் ஒரு மாற்றம் கண்டறியப்பட்டது. மனிதனும் குதிரையும் தனித்தனியே ஒரே சிக்கலுக்கு ஒரே மரபணுவின் வழியே விடை கண்டிருக்கிறார்கள். மேற்கு இமயத்தின் ஜான்ஸ்கரி இத்தகைய ஆய்வுகளுக்கு விலைமதிப்பற்ற உயிர்வளம். பல நூற்றாண்டுத் தேர்வில் உருவான இயல்புகள் ஒருமுறை கலப்பில் கரைந்துவிட்டால் அவற்றை மீட்டெடுக்கும் வழி எந்த ஆய்வகத்திலும் இல்லை.

குதிரையின் ஓராண்டு

ஜான்ஸ்கரியின் வாழ்க்கை பள்ளத்தாக்கின் விவசாயச் சுழற்சியோடு பின்னியது. வசந்தத்தில் பனி விலகியதும் குதிரைகள் ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் மேய்கின்றன. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம் என்பதால், கோடையில் சினைப்படும் பெட்டைகள் அடுத்த ஆண்டு புல் முளைக்கும் பருவத்தில் குட்டி ஈனுகின்றன. பால் கொடுக்கும் தாய்க்குப் பசும்புல் கிடைப்பதற்கும் குட்டி குளிருக்கு முன் தேறுவதற்கும் இந்தக் கால அமைவு மிகவும் அவசியம்.

பயிர் வளரும் கோடையில், வயலை மேயாமல் இருப்பதற்காக, வேலையில் இல்லாத குதிரைகள் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிவிடப்படுகின்றன. அங்கே அவை வாரக்கணக்கில் கூட்டமாகத் தாமே மேய்ந்து திரியும். ஓநாயும் பனிச்சிறுத்தையும் இரை தேடும் நிலம் அது. குட்டியைப் பறிகொடுப்பது ஒரு குடும்பத்துக்குப் பேரிழப்பு. அதனால்தான் லடாக்கின் கிராமங்கள் முற்காலத்தில் ‘ஷாங்டோங்’ என்ற ஓநாய்ப் பொறிகளைக் கட்டின. உள்ளே இறங்கிய ஓநாய் ஏற முடியாதபடி, சுவர்கள் மேலே போகப் போக உட்புறம் குவியும் கற்குழிகள் அவை. அண்மை ஆண்டுகளில் வனவிலங்குப் பாதுகாப்பு ஆர்வலர்களோடு கிராமத்தார் உடன்பட்டு, லடாக்கில் சில பொறிகளைச் செயலிழக்கச் செய்து, அருகே ஸ்தூபி எழுப்பியிருக்கிறார்கள். வேட்டை விலங்கையும் வளர்ப்பு விலங்கையும் ஒருசேர வாழவைக்கும் முயற்சி அது.

அறுவடைக் காலத்தில் குதிரைக்கு மீண்டும் வேலை. கதிர்க்கட்டுகளைக் களத்துக்குச் சுமப்பதும், களத்தின் நடுக்கம்பத்தில் பிற கால்நடைகளோடு பிணைக்கப்பட்டுச் சுற்றிச் சுற்றிப் போரடிப்பதும் அந்த வேலைகள். குளிர் இறுகியதும் எல்லா விலங்குகளும் வீட்டின் கீழ்த்தளத் தொழுவத்துக்கு வந்துவிடும். ஜான்ஸ்கரின் பழைய வீடுகளில் குடும்பமும் குளிர்காலத்தில் தொழுவத்தை ஒட்டிய தாழ்ந்த அறைக்கு இறங்கிவிடும். அந்த விலங்குகளின் உடல்வெப்பம் வீட்டுக்கு வெதுவெதுப்புத் தருகிறது, சாணமும் எரிபொருளாகிறது. கோடையில் அறுத்து உலர்த்தி மொட்டைமாடியில் அடுக்கிய குதிரைமசாலும் புல்லும் வாற்கோதுமைத் தாளும்தான் அந்த நீண்ட மாதங்களுக்கான தீவனம்.

எத்தனை குதிரை வைத்துக்கொள்ளலாம் என்பதை இந்தத் தீவனக் குவியலே முடிவு செய்கிறது. உழைக்காத குதிரைக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தீனி போடக்கூடிய குடும்பம் ஜான்ஸ்கரில் அரிது. திடமான, குறைந்த தீனியில் உடல் தளராத, அடங்கி உழைக்கும் குதிரைகளையே மக்கள் வைத்துக்கொண்டார்கள். வேலைக்குப் போகும் ஆண்குதிரைகளுக்குக் காயடித்து, நல்லவற்றைப் பொலிகுதிரைகளாக விட்டார்கள். தீவனப் பற்றாக்குறையே இந்த இனத்தைச் செதுக்கிய உளி.

உப்பும் வெண்ணெயும் சுமந்த பாதைகள்

லடாக்கின் பழம்பாறைச் செதுக்கல்களில் மலையாடுகளுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் நடுவே குதிரைமேல் அமர்ந்த மனிதர்களும் காணப்படுகிறார்கள். இந்த மலைகளில் குதிரையும் மனிதனும் சேர்ந்து வாழ்ந்த காலம் மிக நீண்டது.

லே நகரம் பல நூற்றாண்டுகளாகக் காஷ்மீர், திபெத், யார்க்கண்ட் ஆகிய மூன்று உலகங்களின் சந்திப்பு. 1684இல் ஏற்பட்ட திங்மோஸ்கங் உடன்படிக்கைக்குப் பின், லேவிலிருந்து லாசாவுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை ‘லோப்சக்’ என்ற தூதுவணிகக் குழு சென்று வந்தது. வடக்கே கர்துங் லா, சாசர் லா, காரகோரம் கணவாய் என உலகின் கொடுமையான பாதைகளில் ஒன்று யார்க்கண்டுக்குப் போனது. 5,500 மீட்டரை ஒட்டிய காரகோரம் கணவாயை நோக்கிய அந்தப் பாதையின் இருமருங்கும் மாண்டுபோன பொதிவிலங்குகளின் எலும்புகள் கிடந்ததை அவ்வழியே சென்ற பயணிகள் எழுதியிருக்கிறார்கள். ‘கிராயகஷ்’ எனப்பட்ட வாடகைக் குதிரைக்காரர்கள் இந்த வணிகத்தின் முதுகெலும்பு. 1870இல் காஷ்மீர் அரசோடு பிரிட்டிஷ் இந்தியா செய்துகொண்ட வணிக உடன்படிக்கை இந்தப் பாதையை முறைப்படுத்தியது. வழியிலுள்ள கிராமங்கள் முறைவைத்துப் பொதிக்குதிரைகள் கொடுக்கும் ‘ரெஸ்’ என்ற கடமை மக்களுக்குப் பெருஞ்சுமையாகவும் இருந்தது. ஓர் ஊரில் குதிரை இருப்பது வசதி மட்டுமன்று, அரசுக்குச் செலுத்தும் கடனும் ஆனது.

ஜான்ஸ்கர் இந்தப் பெருவழிகளிலிருந்து ஒதுங்கியிருந்தாலும், அதற்கென்று ஒரு பொருளாதாரம் இருந்தது. கிழக்கே ரூப்ஷு மேட்டுநில மேய்ப்பர்களிடமிருந்து உப்பும் கம்பளியும் வந்தன; பதிலுக்கு ஜான்ஸ்கரின் வாற்கோதுமை போனது. லேவில் ஜான்ஸ்கர் வெண்ணெய்க்குத் தனி மதிப்பு. லாகுல், கிஷ்த்வார் பக்கங்களுக்கும் பொருள்கள் கணவாய் கடந்தன. கால்நடை வளம் நிறைந்த பள்ளத்தாக்கு என்ற பெயர் ஜான்ஸ்கருக்கு இருந்ததால், குதிரைகளே விற்பனைப் பொருளாகவும் வெளியே சென்றன.

குதிரையைத் தேடி லடாக்குக்கு வந்த ஐரோப்பியர் ஒருவரும் உண்டு. பிரிட்டனின் முதல் தகுதிபெற்ற கால்நடை மருத்துவர்களில் ஒருவரான வில்லியம் மூர்கிராப்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். குதிரைப்படைக்கு நல்ல குதிரைகளை மத்திய ஆசியாவிலிருந்து பெறுவது அவருடைய நோக்கம். அந்தப் பயணத்தில் 1820 முதல் 1822 வரை அவர் லடாக்கில் தங்க நேர்ந்தது. புகாரா வரை சென்ற அவர் 1825இல் திரும்பும் வழியில் இறந்தார். படைக்குப் பெரிய குதிரை தேடியவர்களின் பார்வையில் மலையின் சிறு குதிரைகள் முதன்மை பெறவில்லை. பிரிட்டிஷ் காலக் குதிரை வளர்ப்புக் கொள்கை முழுவதும் இதே போக்கில், உயரமும் வேகமும் உடைய அயல் இனங்களை நோக்கியே இருந்தது. மலையினத்தை வளர்க்கும் பொறுப்பு அன்றும் கிராமத்தாரிடமே இருந்தது.

போலோவும் திருநாளும்

லடாக்கில் போலோ வேரூன்றியது 17ஆம் நூற்றாண்டில், மன்னர் செங்கே நம்கியால் காலத்தில் என்று கருதப்படுகிறது. லே அரண்மனையை எழுப்பியவர் அவர். அவருடைய தாய் கியால் கதூன், போலோவில் புகழ்பெற்ற பல்திஸ்தானின் இளவரசி. லே கடைவீதியிலேயே போலோ ஆடப்பட்டதை 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் பதிவு செய்திருக்கிறார்கள். லே அருகிலுள்ள சுச்சோட்டும், கார்கில் பக்கத்துத் திராஸும் இன்றும் போலோவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள்.

சமவெளியின் போலோவில் அணிக்கு நான்கு பேர். லடாக்கில் ஆறு பேர். கோல் அடித்த வீரர் பந்தைக் கையில் ஏந்தி முழுவேகத்தில் மைதானத்தின் நடுவரை குதிரையை விரட்டி, பந்தை மேலே எறிந்து, அது தரையைத் தொடுமுன் மட்டையால் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவார். சுர்னா என்ற குழலும் தமன் என்ற முரசும் ஆட்டம் முழுவதும் முழங்கும். அந்த இசையின் ஏற்ற இறக்கத்தோடு குதிரைகளும் முறுக்கேறும். 3,500 மீட்டர் உயரத்தில் இப்படித் திடீரென விரைந்து, திடீரென நின்று, திரும்பி ஓட வேண்டும். அதற்கு ஜான்ஸ்கரி போன்ற உள்ளூர்க் குதிரைகளே பொருந்தும்.

சடங்குகளிலும் குதிரைக்கு இடமுண்டு. மணப்பெண்ணை அழைத்துவரச் செல்லும் ‘ஞோபா’ குழுவினர் அலங்கரித்த குதிரைகளில் போவது பழைய வழக்கம். காற்றுக்குதிரை உருவம் பொறித்த ‘லுங்தா’ கொடிகள் கணவாய்களிலும் வீட்டுக் கூரைகளிலும் பறக்கின்றன. முதுகில் மணியைச் சுமந்து விரையும் அந்தக் குதிரை நற்பேற்றின் வடிவம். கணவாயின் உச்சியை அடைந்ததும் கற்குவியலில் ஒரு கல்லை வைத்து, கடவுளர் வென்றனர் என்று உரக்கக் கூவுவது பயணிகளின் மரபு. அந்த உச்சிக்கு ஆளையும் சுமையையும் கொண்டு சேர்த்தது பெரும்பாலும் குதிரையே.

குறைந்தது எப்படி

இந்த இனத்தின் வேலை ஒவ்வொன்றாகக் கழன்றது. 1940களின் இறுதியிலும் 1950களிலும் எல்லைகள் அடைபட்டு, யார்க்கண்ட், திபெத் வணிகம் நின்றது. 1962 சீனப் போரையொட்டி ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு வாகனச் சாலை வந்தது. 1980ஐ ஒட்டிக் கார்கில்–பதும் சாலை ஜான்ஸ்கருக்குள் நுழைந்தது. லாரி ஒரே பயணத்தில் கொண்டுவரும் சரக்கு பல பத்துக் குதிரைகளின் சுமைக்கு ஈடு.

1974இல் லடாக் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டபின் குதிரைக்கு ஒரு புதுவேலை கிடைத்தது. தார்ச்சாவிலிருந்து ஷிங்கோ லா வழியே பதும், அங்கிருந்து லாமாயுரு என்ற நடைப்பயணப் பாதை உலகப் புகழ் பெற்றது. கூடாரம், உணவு, பயணப் பைகள் எல்லாம் குதிரை முதுகில் சென்றன. பல குடும்பங்களின் கோடை வருமானம் அதிலிருந்தே வந்தது. இப்போது அந்தப் பாதையின் பெரும்பகுதி வாகனச் சாலையாகிவிட்டது. சுமார் 298 கி.மீ. நீளமுள்ள நிம்மு–பதும்–தார்ச்சா சாலையை எல்லைச் சாலைகள் அமைப்பு 2024 மார்ச்சில் இணைத்து முடித்தது. ஷிங்கோ லாவின் அடியில் சுரங்கப்பாதை அமைக்கும் பணி அதே ஆண்டு ஜூலையில் தொடங்கியது. நோயாளிக்கும் மாணவருக்கும் விவசாயிக்கும் இந்தச் சாலை நெடுநாள் கனவு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சாலை வந்த இடத்தில் குதிரைக்கு மாற்று வேலை வரவில்லை என்பதே சிக்கல்.

இரண்டாவது காரணம் கலப்பு. பொதுமேய்ச்சலில் எந்த ஆண்குதிரையோடும் பெட்டை இணையலாம். வெளியிலிருந்து வந்த, இன அடையாளமற்ற குதிரைகளோடு கலந்து பிறக்கும் குட்டிகள் பெருகும்போது தூய வரிசை தேய்கிறது. மூன்றாவது காரணம் கோவேறு கழுதை. சுமைக்கு அதற்கே சந்தை அதிகம் என்பதால் நல்ல பெட்டைக்குதிரைகளை ஆண்கழுதையோடு இணைக்கிறார்கள். கோவேறு கழுதைக்குச் சந்ததி கிடையாது. அப்படிச் செலவாகும் ஒவ்வொரு சினைக்காலமும் இனத்துக்கு ஒரு குட்டி இழப்பு.

நான்காவது காரணம் தீவனமும் ஆளும். பனி குறைந்த ஆண்டுகளில் ஓடை நீர் வற்றி, பயிரும் புல்லும் குறைகின்றன. ஜான்ஸ்கரின் குமிக் கிராமம் நீரின்றிப் புதிய இடத்தை நாட வேண்டிய நிலைக்கு வந்ததே இதற்குச் சான்று. இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் லே, ஜம்மு, சண்டிகர் எனச் செல்கிறார்கள். குதிரையைப் பழக்கத் தெரிந்த கைகள் வீட்டுக்கு வீடு குறைகின்றன.

நாடு முழுவதிலும் இதே சரிவுதான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளின் எண்ணிக்கை 2019இல் 3.4 லட்சமானது, ஏழே ஆண்டுகளில் 45 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ச்சி. பெரிய எண்ணிக்கையுள்ள இனம் இத்தகைய சரிவைத் தாங்கலாம். சில நூறு குதிரைகளே உள்ள இனத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை.

காக்கும் முயற்சிகள்

பதும் ஊரில் கால்நடைத் துறை நடத்தும் ஜான்ஸ்கரி இனப்பெருக்கப் பண்ணை முதன்மையான முயற்சி. தேர்ந்த பொலிகுதிரைகளை வைத்துத் தூய வரிசையைப் பேணுவது அதன் நோக்கம். ஹிமாசலப் பிரதேச அரசு ஸ்பிட்டி குதிரைக்காக லரியில் இத்தகைய பண்ணையை நடத்துகிறது.

ஹரியானாவின் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வளக் கழகம் இனங்களைப் பதிவு செய்து, அவற்றின் உடல், மரபுப் பண்புகளை ஆவணப்படுத்துகிறது. ஹிசாரில் 1985இல் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அடுத்த கட்டத்தை எட்டியிருக்கிறது. அதன் பிகானேர் வளாகத்தில் 2024 அக்டோபரில், உறையவைத்த கருவைத் தாங்குதாய்க்கு மாற்றி இந்தியாவின் முதல் குதிரைக்குட்டி பிறந்தது. ‘ராஜ்-ஷீதல்’ எனப் பெயரிடப்பட்ட அது பிறந்தபோது 20 கிலோ எடை இருந்தது. அதே மையம் மார்வாரி கருக்களோடு ஜான்ஸ்கரி கருக்களையும் உறைநிலையில் பாதுகாத்து வைத்திருக்கிறது. நோயோ இயற்கைப் பேரிடரோ பள்ளத்தாக்கின் குதிரைகளைத் தாக்கினால், இனத்தின் ஒரு பகுதியாவது காப்பாக இருக்கும்.

லேவிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான உயர்மலை ஆய்வகம், எல்லைப் பணிகளுக்கு உள்ளூர் விலங்குகளைப் பயன்படுத்தும் ஆய்வில் இரட்டைத் திமில் ஒட்டகத்தோடு ஜான்ஸ்கரியையும் சேர்த்திருக்கிறது. வாகனம் ஏறாத முகடுகளுக்கு உணவும் மருந்தும் போய்ச்சேர விலங்குதான் வேண்டும். உயரத்திலேயே பிறந்த குதிரைக்குப் பழகும் காலம் தேவையில்லை.

நிதிக்கும் வழி திறந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை தேசியக் கால்நடை இயக்கத்தைத் திருத்தி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றை வளர்க்கும் தொழில்முனைவோருக்கு 50 விழுக்காடு, அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை மூலதன மானியம் அறிவித்தது. இனப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்கு உதவுவதும், விந்து நிலையங்களும் கருவினப் பண்ணைகளும் அமைப்பதும் அதில் அடங்கும்.

செய்ய வேண்டியவை

பண்ணையும் ஆய்வகமும் ஓர் இனத்தின் விதையைக் காக்கும். அதை வாழவைப்பது அதற்கு வேலையும் விலையும் தரும் மக்கள். இதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. ஐஸ்லாந்தில் இயந்திரங்கள் வந்தபின் விவசாயக் குதிரைக்கு வேலை குறைந்தபோது, அந்நாட்டினர் அதைச் சவாரிக் குதிரையாக வளர்த்தெடுத்தனர். வெளிநாட்டுக் குதிரைகளின் இறக்குமதிக்குத் தடை, கறாரான இனப்பதிவேடு, போட்டிகள் ஆகியவற்றால் அது இன்று உலகம் தேடி வாங்கும் குதிரையாக இருக்கிறது. அண்டையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. சட்லெஜ் கரையில் ராம்பூர் புஷஹரில் நவம்பரில் கூடும் பழம்பெரும் லவி சந்தைக்கு, ஸ்பிட்டி மலைகளின் சாமுர்த்தி குதிரைகளை வாங்கப் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சந்தையில் நல்ல குதிரைக்கு நல்ல விலை கிடைப்பதை வளர்ப்பவர் கண்ணால் பார்க்கிறார். அடுத்த ஆண்டும் வளர்க்கிறார்.

ஜான்ஸ்கரிக்கு நான்கு ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, குதிரை வாரியாக அடையாளமிட்டுத் தாய் தந்தையைக் குறிக்கும் இனப்பதிவேடு. சிறிய கூட்டத்தில் நெருங்கிய உறவுகளுக்குள் இணைசேர்க்கை ஏற்படாமல் தடுக்க அது ஒன்றே வழி. இரண்டாவது, கிராமந்தோறும் நல்ல பொலிகுதிரை; அதைப் பராமரிக்கும் குடும்பத்துக்கும் தூய இனக் குட்டியை வளர்க்கும் குடும்பத்துக்கும் குளிர்காலத் தீவன உதவி. மூன்றாவது, வேட்டை விலங்குகளிடம் குட்டியை இழந்தால் தாமதமின்றிக் கிடைக்கும் காப்பீடு. நான்காவது, வேலை: வாகனம் புகாத பாதைகளில் குதிரைப் பயணச் சுற்றுலா, போலோ அணிகளுக்கு உள்ளூர்க் குதிரைகளை வாங்கும் வழக்கம், படையின் முறையான கொள்முதல், ஆண்டுதோறும் ஒரு குதிரைச் சந்தை.

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு ஆகாது. எஞ்சியிருக்கும் எண்ணிக்கை சிறிது என்பதாலேயே, குதிரை வைத்திருக்கும் குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சென்று சேர்வது இன்று முடியும். பொதி சுமக்கவும் பழக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்த மூத்த தலைமுறை இன்னும் கிராமங்களில் இருக்கிறது. அவர்கள் அறிவும் குதிரைகளும் ஒருசேரக் கிடைக்கும் கடைசிக் காலம் இது. ஜான்ஸ்கரியை உருவாக்கியவர்கள் அதை வளர்த்த விவசாயிகள். அந்த விவசாயிக்குக் குதிரை மீண்டும் கட்டுப்படியாகும் நிலையை உண்டாக்குவதே இந்த இனத்தைக் காக்கும் உறுதியான வழி.